புகையும் புள்ளியும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது யாதென்பதை யாம் அறியாமல் இல்லை. பழந்தமிழ் நூலொன்றைப் பற்றியோ, நம் கல்லூரி மண்டபத்தில் முன்னாளில் நடந்த நாடகங்களைப் பற்றியோ எழுதியிருப்பின் ஒருவரும் வியந்திரார். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, இங்கிலாந்திலே சிறு தொகையாகச் செய்யப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களின் புகைக் கணக்கும், அவற்றின்மீது விதிக்கப்படும் வீதி வரியும் ஆகும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சிடுகின்றாரே இவர் என்று வாசகர் எண்ணக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். பொருள் கடல் கடந்ததாயினும், அதனை எம்மிடம் கொண்டுவந்தவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். அதன் உள்ளீடோ, ஆசிரியத் தொழில் புரிவோர் நாள்தோறும் கையாளும் சங்கதி. ஒன்றை அளந்து, எண்ணாக்கி, ஏட்டில் எழுதியபின் அந்த எண்ணுக்கும் அந்தப் பொருளுக்கும் உள்ள உறவு யாது என்பதே அது.

எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் இன்று இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு மோட்டார்க் கராச்சில் வேலை பார்க்கின்றார். அங்கே வருவன பெரும்பாலும் சிறிய பட்டறைகளிற் செய்யப்பட்ட இரண்டிருக்கைக் கார்கள். நூறாண்டுக்கு மேலாக மால்வேண் நகரில் ஆஷ் மரச் சட்டத்தின்மேல் தகடு பொருத்திக் கார் செய்துவரும் மோர்கன், எலும்புக்கூடு போன்ற இலேசான உடலையுடைய கேட்டர்ஹாம், சொமர்செற் மாகாணத்து ஏரியல் என்னும் பெயர்களை அவர் வாயிலாகவே யாம் முதன்முதல் கேள்வியுற்றோம். பெரிய தொழிற்சாலைகள் ஆண்டுக்கு இலட்சக்கணக்கிற் செய்து தள்ள, இவர்கள் சில நூறு அல்லது சில ஆயிரம் கார்களே செய்வர். பல ஆண்டு சேமித்த பணத்தைக் கொண்டு நம் நண்பரும் அவ்வகையைச் சேர்ந்த பழைய கார் ஒன்றை வாங்கினார். இளமையில் நாம் படம் வெட்டி ஒட்டிய கொப்பியிற் கண்ட கனவு அது. அவர் அதனை வாங்கியதில் எமக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று.

அம்மகிழ்ச்சிக்கு இடையூறாக வந்தது அவருடைய மகளின் வினா. பதினைந்து வயதுடைய அப்பிள்ளை, பாடசாலையிற் பூமி வெப்பமுறுதல் பற்றிப் படித்துவிட்டு வந்து, தந்தையின் காரினது பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். காபனீரொட்சைட்டு என்று குறித்த கட்டத்தில் எண் ஒன்றும் இல்லை. வெறுங்கட்டமாக இருந்தது. அயல்வீட்டாருடைய கார் 2008ஆம் ஆண்டிற் பதியப்பட்டது. அதன் கட்டத்தில் கிலோமீற்றருக்கு 262 கிராம் என்று எழுதப்பட்டிருந்தது. அதற்காக அவர் 2025ஆம் ஆண்டிற் செலுத்திய வரி 760 பவுண். நண்பர் செலுத்தியதோ 360 பவுண். “எண் எழுதாமல் விட்டால் புகை இல்லையென்று ஆகிவிடுமா, அப்பா? எழுதியவர் தண்டம் கட்ட, எழுதாதவர் தப்புவதா?” என்று கேட்ட பிள்ளை, அன்று முதல் அக்காரில் ஏற மறுத்துவிட்டாள். தந்தை சொன்ன விடை எதுவும் அவளுக்குப் போதவில்லை. “நீ வாத்தியார் அல்லவா? அவள் தமிழ் வாசிப்பாள். அவளுக்கு விளங்கும்படி நீ ஒரு கடிதம் எழுது” என்று நண்பர் எமக்கு எழுதினார்.

பிள்ளையின் வினாவுக்குப் பொய்யான விடை சொல்வது ஆசிரியத் தொழிலுக்கு அடாது. ஆதலின் ஒரு விடுமுறைக் காலம் முழுவதும் அவ்வரியின் வரலாற்றை யாம் தேடிப் படித்தோம். படித்தவற்றுள் முதன்மையானவற்றை இங்கே தொகுத்துச் சொல்கின்றோம்.

அளவை நூலார் அறிவு பிறக்கும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பர். கண்ணாற் காண்பது காட்சி. மலைமேற் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவது கருதல். அறிந்தார் சொல்லக் கொள்வது உரை. இங்கிலாந்துத் திறைசேரி மோட்டார்க் காருக்கு வரி விதித்த நூறாண்டு வரலாறு, இம்மூன்றுக்கும் இடையே அலைந்த வரலாறாகவே எமக்குத் தோன்றிற்று.

முதலில் நின்றது கருதல். 1921ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே ஒரு பரிவலுவுக்கு ஒரு பவுண் என்று வரி கொண்டனர். அப்பரிவலுவை எவரும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, வந்ததைச் சிலிண்டர்களின் தொகையாற் பெருக்கி, இரண்டரையால் வகுத்தனர். அமெரிக்காவின் புகழ்பெற்ற போர்ட் டி காரின் சிலிண்டர் விட்டம் மூன்றேமுக்கால் அங்குலம், சிலிண்டர்கள் நான்கு. கணக்கிட்டால் இருபத்திரண்டரை வரும். எனவே அதற்கு வரி 23 பவுண். 1922இல் வெளிவந்த சின்னஞ்சிறு ஒஸ்ரின் செவன் காருக்கோ 8 பவுண் மாத்திரமே. சிலிண்டருக்குள் ஆடுதண்டு எவ்வளவு தூரம் ஓடுகின்றது என்பதை இந்த வாய்பாடு கேட்கவே இல்லை. இதனைக் கண்டுகொண்ட இங்கிலாந்து இயந்திரவியலார், விட்டம் ஒடுங்கி ஓட்டம் நீண்ட சிலிண்டர்களையுடைய இயந்திரங்களையே ஆண்டாண்டாகச் செய்தனர். வாய்பாடு இயந்திரத்தை அளக்க வந்தது. இறுதியில் இயந்திரம் வாய்பாட்டுக்கு ஏற்ப வளர்ந்தது. 1947இல் அம்முறை கைவிடப்பட்டு, 1948இற் காருக்குப் பத்துப் பவுண் என்று ஒரே வரி வந்தது.

வீதி வரி என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். வண்டிகளிடம் பெற்ற பணம் வீதிகளுக்கே என்று 1920இல் ஒரு நிதியம் அமைத்தனர். 1926இல் நிதியமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் அதிலிருந்து பொதுச் செலவுக்குப் பணம் எடுத்தார். 1937இல் அவ்வரிக்கும் வீதிக்கும் இருந்த நேர்த்தொடர்பு அறவே நீங்கியது. அதன்பின் வீதி வரி என்பது வழக்கில் நின்ற பெயரேயன்றிப் பொருள் அன்று.

2001ஆம் ஆண்டு மார்ச் முதலாந் தேதி தொடக்கம் பதியப்பட்ட கார்களுக்குப் புதிய அளவை வந்தது. கார் ஒரு கிலோமீற்றர் ஓடும்பொழுது எத்தனை கிராம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது என்பதே அது. புகை என்று யாம் வழக்குப்பற்றி எழுதுகின்றோமாயினும் அது கண்ணுக்குப் புலப்படாத வாயு. ஓர் இலீற்றர் பெற்றோலின் நிறை முக்காற் கிலோகிராம் அளவே. அஃது எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும். முக்கால் எவ்வாறு இரண்டேகாலுக்கு மேலாயிற்று என்று எம் மாணவர் வியப்பதுண்டு. பெற்றோலிலுள்ள காபன் 12 பங்கு, காற்றிலுள்ள ஒட்சிசன் 32 பங்கோடு கூடி 44 பங்காகின்றது. நிறையின் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது. தாங்கியில் ஊற்றியதைவிட வானத்துக்குப் போவது நிறையிற் பெரிது என்பதை இவ்வொரு கணக்கே காட்டும்.

இப்புதிய முறைப்படி கார்கள் படிகளாகப் பிரிக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, 2001 முதல் 2017 வரை பதியப்பட்ட கார்களுள் 111 முதல் 120 கிராம் வரையுள்ளவற்றுக்கு 35 பவுண். 255 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்கு 760 பவுண். ஆயினும் 225 கிராமுக்கு மேற்பட்ட கார் 2006 மார்ச் 23ஆம் நாளுக்கு முன்னர் பதியப்பட்டிருப்பின் அதற்கு 430 பவுண் மாத்திரமே. ஒரே தொழிற்சாலையில் ஒரே கிழமையிற் செய்யப்பட்ட இரண்டு கார்கள், ஒன்று மார்ச் 22இலும் மற்றையது 23இலும் பதியப்பட்டமையால், 330 பவுண் வேறுபாட்டோடு ஆயுள் முழுவதும் ஓடுகின்றன. அவற்றின் புகை ஒன்றே. 2017 ஏப்பிரல் முதற் பதியப்பட்டவற்றுக்கு முதலாண்டு வரி மாத்திரமே வாயுவைப் பொறுத்தது. 2025 ஏப்பிரலில் அதன் உச்சம் 5,490 பவுணாக உயர்ந்தது. இரண்டாமாண்டு முதல் எல்லாவற்றுக்கும் பொது வரியே. விலை மிக்க கார்களுக்குச் சில ஆண்டுகள் மேலதிக வரியும் உண்டு.

இனி, அந்தக் கிராம் எண் எங்ஙனம் பெறப்பட்டது? இங்கேதான் காட்சி என்னும் அளவை வருகின்றது. காரை ஓர் ஆய்வறையில் உருளைகள்மேல் நிறுத்தி, வகுத்த விதிப்படி ஓட்டி, புகைக்குழாயில் வருவதைப் பிடித்து அளந்தனர். பழைய ஐரோப்பியச் சோதனை 1,180 விநாடிகள் நடந்தது. ஓடிய தூரம் 11 கிலோமீற்றர். உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீற்றர். எந்த வேகத்தில் எந்தக் கியரை மாற்றுவது என்பதும் முன்னரே எழுதப்பட்டிருந்தது. மேடு இல்லை, மழை இல்லை, எதிர்காற்று இல்லை, பின்னிருக்கையில் மாமியாரும் இல்லை. ஒருமுறை அங்கே கண்ட காட்சி, பதிவுப் பத்திரத்தில் ஏறியவுடன் உரையாகிவிடுகின்றது. அதன்பின் காரை ஒருவரும் அளப்பதில்லை. சுவான்சி நகரத்து வண்டிப் பதிவு அலுவலகம் அவ்வுரையையே பிரமாணமாகக் கொண்டு வரி கேட்கும்.

ஆசிரிய கலாசாலையில் யாம் பயிற்சி பெற்ற காலத்தில், பரீட்சை ஒன்றை இரண்டு கேள்விகளால் மதிப்பிடுக என்று எமக்குக் கற்பித்தனர். மறுபடி அளந்தாலும் அதே விடை வருமா என்பது ஒன்று. அளப்பதாகச் சொல்லும் பொருளைத்தான் அளக்கின்றதா என்பது மற்றொன்று. அந்த ஆய்வறைச் சோதனை முதற் கேள்வியில் நன்கு தேறும். எந்த நாட்டிற் செய்தாலும் ஏறக்குறைய ஒரே விடை. சட்டத்துக்கு அஃது இன்றியமையாதது. ஒருவனுக்கு எதிர்காற்றிலும் மற்றவனுக்குப் பின்காற்றிலும் பரீட்சை வைத்து வரி வாங்குதல் நீதியன்று. இரண்டாங் கேள்வியிலோ அது தேறவில்லை. 2015ஆம் ஆண்டளவில், வீதியில் ஓடும் கார்கள் ஏட்டு எண்ணைக் காட்டிலும் ஏறத்தாழ 40 வீதம் கூடுதலாக வாயு வெளிவிட்டன என்று ஆராய்ந்தோர் கண்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில், வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் சோதனை நடப்பதை உணர்ந்து அப்பொழுது மாத்திரம் நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைத்து வெளிவிடுமாறு கட்டளை புகுத்தப்பட்டிருந்தமை அமெரிக்காவில் வெளிப்பட்டது. பரிசோதகர் வகுப்புக்குள் நுழையும்பொழுது மாத்திரம் புத்தகம் விரிக்கும் மாணவனை யாம் அறிவோம். இரும்பாலான பொருளுக்கும் அவ்வித்தையைக் கற்பிக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

2017 முதல் புதிய சோதனை வந்தது. 1,800 விநாடிகள், 23 கிலோமீற்றர், உச்ச வேகம் 131. உண்மைக்கு அணித்தாயிற்று, எட்டவில்லை. கார்களுக்குள்ளேயே பொருத்தப்பட்ட எரிபொருள் மானிகளின் கணக்கைத் திரட்டி ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2021இற் பதியப்பட்ட பெற்றோல், டீசல் கார்கள் ஏட்டு எண்ணைவிட ஐந்திலொரு பங்களவு கூடுதலாக வெளிவிடுவதைக் காட்டிற்று. மின்னேற்றியும் பெற்றோல் ஊற்றியும் ஓடும் ஹைபிரிட் கார்களில் அது ஏறத்தாழ மூன்றரை மடங்கு.

இப்பொழுது நண்பரின் வெறுங்கட்டத்துக்கு வருவோம். ஒரு கார் வகைக்கு முழுமையான அங்கீகாரம் பெறுவதற்குப் பற்பல சோதனைகள் உண்டு. அவற்றின் செலவு இலட்சம் கார்களின் தலையில் விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் சில்லறைக் காசாகும். நூறு கார்களின் தலையில் விழுந்தால் பட்டறையையே மூடவேண்டி வரும். ஆதலின் சிறு தொகையாகச் செய்வோர்க்குச் சட்டம் வேறு வாயில்களைத் திறந்துவைத்தது. அவற்றுள் ஒன்று, 2009இல் வந்த தனிவண்டி அங்கீகாரம். கார் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துத் தடுப்பு, விளக்கு, இருக்கைவார் ஆகியன தகுதியுடையனவா என்று தேர்ந்து ஏற்றுக்கொள்வர். இவ்வழி வந்து, காபனீரொட்சைட்டு எண் பதியப்படாத கார்களுக்குத் திறைசேரி பழைய கருதலளவைக்கே திரும்புகின்றது. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. இயந்திரத்தின் கொள்ளளவு 1,549 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்டால் 2025ஆம் ஆண்டு விகிதப்படி 220 பவுண், மேற்பட்டால் 360 பவுண். 1,600 ஆயினும் 6,000 ஆயினும் அதே 360 தான். நம் முன்னோர் புகையைக் கண்டு நெருப்பைக் கருதினர். இவர்கள் நெருப்பறையை அளந்து புகையைக் கருதுகின்றனர்.

சிறியோர்க்கு விலக்களிக்கும் மரபு அந்நாட்டுக்குப் புதிதன்று. 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்னும் காரை முழுதாக வாங்கினாற் கொள்வனவு வரி உண்டு. துண்டுதுண்டாக வாங்கி வீட்டிற் பூட்டினால் அவ்வரி இல்லை. ஆயிரம் இளைஞர் தந்தையின் கொட்டிலிலிருந்து கார் பூட்டக் கற்றது அவ்விலக்கின் பயன் எனலாம். 1973இற் பெறுமதி சேர் வரி வந்து அவ்வாயிலை அடைத்தது. அவ்வாண்டிலேயே அக்காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தார் கைக்கு மாறிற்று. ஐரோப்பிய ஒன்றியமும், 2009இல் வகுத்த சட்டத்தில், ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்குக் குறைவாகச் செய்வோர் தமக்கெனத் தனி இலக்குக் கேட்கலாம் என்றது. 2014இல் ஆயிரத்துக்குக் குறைந்தோருக்கு இலக்கே வேண்டா என்று விட்டது. அஸ்ரன் மார்ட்டின் நிறுவனம், ரொயொற்றாவின் சிறு காரொன்றைப் புதுக்கி, 2011 முதல் 2013 வரை சிக்னெற் என்னும் பெயரில் விற்றது. தன் கார்களின் சராசரி எண்ணைத் தாழ்த்தவே அவ்வாறு செய்தது என்று அக்காலத்திற் பலரும் பேசிக்கொண்டனர். 2025 ஏப்பிரலில் பிரித்தானிய அரசு, 2030இல் வரவிருக்கும் பெற்றோல் கார்த் தடையிலிருந்து சிறு உற்பத்தியாளரை விலக்கப்போவதாக அறிவித்தது. பட்டறைத் தொழிலாளியின் கைத்திறனைக் காக்கும் அதே வேலி, பெருஞ்செல்வர் வாங்கும் காரையும் சேர்த்தே காக்கின்றது. பிள்ளையின் சினத்தில் நியாயம் உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை.

ஆயினும் வெறுங்கட்டம் என்றவுடன் எம் மனம் வேறோர் ஆண்டுக்குப் போயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபொழுது, யாமும் நண்பரும் அக்கூட்டத்தில் இருந்தோம். அவர் குடும்பத்தின் பெட்டியொன்று வழியிலே தவறிற்று. அதனுள் அவருடைய சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளும் இருந்தது. புகுந்த இடத்தில் உயர்தர வகுப்பிற் சேரச் சென்றபொழுது, எண்ணைக் கண்டாலன்றிச் சேர்க்க இயலாது என்று ஓரிடத்தில் மறுத்தனர். விண்ணப்பத்தில் புள்ளிகளுக்குரிய கட்டங்கள் வெறிதாயிருந்தன. கணிதத்தில் எங்கள் வகுப்பிலேயே முதல்வராயிருந்த ஒருவர், ஒன்றும் படியாதவர் போல அவ்வாசலில் நின்றார். அவரைக் கைகொடுத்துத் தூக்கியவர் நம் கல்லூரியின் கணித ஆசிரியர் ஒருவர். வேறு எதனைக் கொண்டு வந்தாரோ அறியோம், தம் கைப்பட எழுதிய புள்ளிக் கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தார். மூன்றாண்டுத் தவணைப் புள்ளிகளும் அதில் இருந்தன. அக்கொப்பியின் துணையால் நண்பர் படிப்பைத் தொடர்ந்தார். அந்நாளில் வெறுங்கட்டம் எங்களுக்கு இழப்பாயிற்று. இந்நாளில் அதே வெறுங்கட்டம் அவருக்கு நானூறு பவுண் இலாபமாயிற்று. இரண்டிடத்தும் பிழை ஒன்றே. எண் இல்லாமையை ஏடு தன் வசதிக்கு ஏற்ப ஓர் எண்ணாக வாசிக்கின்றது. எண் இல்லாமையால் அறிவு இல்லையென்று ஆகாததுபோலவே, எண் இல்லாமையாற் புகை இல்லையென்றும் ஆகாது.

இவ்வளவையும் சுருக்கிப் பிள்ளைக்கு எழுதிவிட்டு, இறுதியில் ஒரு வேலையும் கொடுத்தோம். ‘ஏட்டை நம்பவேண்டா, அப்பாவையும் நம்பவேண்டா. ஒரு கொப்பி எடுத்து நீயே அள. பெற்றோல் நிரப்பும்பொழுதெல்லாம் இலீற்றரை எழுது. ஓடிய மைலை எழுது. இலீற்றரை 2.3 ஆற் பெருக்கினால் கிலோகிராம் வரும். வீட்டிலுள்ள அம்மாவின் காரையும் அவ்வாறே அள. ஓராண்டு சென்றபின் எமக்கு எழுது’ என்பது அது. பிள்ளை சொன்ன சொற் தவறவில்லை. ஓராண்டின்பின் அவள் கைப்பட எழுதிய கணக்கு வந்தது. “மாமா, விடை நான் நினைத்தது போலவும் இல்லை, அப்பா நினைத்தது போலவும் இல்லை” என்று தொடங்கியிருந்தாள்.

தந்தையின் இரண்டிருக்கைக் கார் ஆண்டில் 2,000 மைல் ஓடி 310 இலீற்றர் குடித்திருந்தது. கிலோமீற்றருக்கு 220 கிராமுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 713 கிலோகிராம். தாயின் சிறு காருக்கு ஏட்டிலுள்ள எண் 119 கிராம், வரி 35 பவுண். அது வேலைக்கும் கடைக்குமாக 9,000 மைல் ஓடி 930 இலீற்றர் குடித்திருந்தது. அவள் கண்ட எண் 148 கிராம். ஆண்டுக்கு 2,139 கிலோகிராம். நல்ல எண்ணையுடைய கார் எண்ணில்லாத காரைப்போல் மூன்று மடங்கு வாயுவை வெளிவிட்டது. வரியோ அதற்குப் பத்திலொரு பங்கு. இதனால் அப்பா குற்றமற்றவர் ஆகிவிட்டார் என்று அவள் எழுதவில்லை. அம்மாவின் புகை தேவைக்கு, அப்பாவின் புகை ஆசைக்கு என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள். அவ்வரிக்கு யாம் முழுப் புள்ளி இட்டோம்.

உடைமைக்கு வரி, ஓட்டத்துக்கு வரி என்னும் வேறுபாட்டையும் அவள் தானே கண்டுகொண்டாள். வீதி வரி, கார் கொட்டிலிற் கிடந்தாலென்ன, நாடெங்கும் ஓடினாலென்ன என்று கேளாது விதிக்கப்படுவது. எரிபொருள் வரியோ இலீற்றர்தோறும் அறவிடப்படுவது. 2011 முதல் அது 57.95 பென்ஸாக நின்று, 2022 மார்ச்சில் ஐந்து பென்ஸ் குறைக்கப்பட்டது. ஆய்வறையை ஏமாற்றலாம், விதியின் ஓட்டையில் நுழையலாம், பதிவுத் தேதியால் தப்பலாம். தாங்கியை ஏமாற்ற இயலாது. எரிந்தது எவ்வளவோ அவ்வளவே புகை. பெற்றோல் நிலையத்து மானிக்குக் காரைச் செய்தவர் பெரியவரா சிறியவரா என்பது தெரியாது. அவ்வரி மின்சாரக் கார்களுக்குப் பொருந்தாமையும், தூரத்துக் கிராமத்தில் வாழும் வறியவர்க்குப் பாரமாதலும் வேறு வினாக்கள். ஆயினும் புகையை அளப்பதாகச் சொல்லும் ஓர் அரசுக்குப் புகைக்கு மிக அணித்தான அளவுகோல் அதுவே என்பது எம் துணிபு. வீதி வரியிலுள்ள கிராம் எண், புதிய கார் வாங்குவோரை நல்வழி திருப்பும் கைகாட்டி மரமாகப் பயன்படலாம். அதனைத் தராசாகக் கொள்ளுதல் தகாது.

பிள்ளை இப்பொழுது அக்காரில் ஏறுகின்றாள் என்று நண்பர் எழுதியுள்ளார். கொப்பியையும் உடன்கொண்டே ஏறுகின்றாளாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் மாதத்துக்கு இரண்டு என்று தந்தையும் மகளும் உடன்பட்டுள்ளனர். அவ்வுடன்பாட்டைச் செய்தது எந்தச் சட்டமும் அன்று. இருவரும் சேர்ந்து கண்ட ஓர் எண்.

எம் போன்றோர் ஆண்டிறுதியில் நூற்றுக்கணக்கான கட்டங்களை எண்களால் நிரப்புகின்றோம். மூன்று மணித்தியாலத்தில், ஓர் அறையில், எழுதிவைத்த விதிப்படி பெற்ற எண்கள் அவை. அவை வேண்டாதவை என்று யாம் சொல்லவில்லை. எண்ணின்றி நீதி செய்தல் அரிது. ஆயினும் மேட்டிலும் மழையிலும் அப்பிள்ளை எங்ஙனம் ஓடும் என்பதை அவ்வெண் அறியாது. அதனை அறிவது, நாள்தோறும் பார்த்துக் கைப்படக் குறித்துவைக்கும் ஆசிரியரின் கொப்பி. நம் கல்லூரியின் பெருமையைக் கட்டடங்களிலும் கிண்ணங்களிலும் காண்போர் காண்க. இடம்பெயர்ந்த நாளிலும் மாணவர் புள்ளிகளை மார்போடணைத்துக் கொண்டு நடந்த ஆசிரியரிடத்திலேயே யாம் அதனைக் கண்டோம். அத்தகைய கொப்பிகள் இக்கல்லூரியில் என்றும் எழுதப்படுவனவாக.